தட்டோடு: கையால் செய்த களிமண் தரையோட்டைக் குறிக்கும் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தரையிலும் மேல்தளத்திலும் பதிக்கப்படும் தட்டையான சுட்ட களிமண் ஓடு தமிழில் 'தட்டோடு' எனப்படுகிறது. இச்சொல்லின் முன்னுறுப்பாகிய 'தட்டு' என்பது வடிவத்தைக் குறிக்கும் பெயரா, செய்முறையைக் குறிக்கும் வினையா என்பது இக்கட்டுரையின் முதல் வினா. கூரைக்கு உரியதாக வழங்கும் 'ஓடு' என்னும் சொல் காலடியில் பதிக்கும் பொருளுக்குப் பெயரானது எவ்வாறு என்பது இரண்டாவது வினா. சொல்லமைப்பு, மண்தொழில் வினைச்சொற்கள், திராவிட மொழிகளின் இணைச்சொற்கள், கட்டட மரபு ஆகிய நான்கையும் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காணப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தட்டோடு, ஓடு, சுடுமண், தளவரிசை, சொற்பொருள் வரலாறு, கட்டடக் கலைச்சொற்கள்

முன்னுரை

கட்டடப் பொருள்களின் பெயர்கள் அகராதிகளில் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் பொருள் கூறப்பட்டு நின்றுவிடுகின்றன. 'தட்டோடு' என்பதற்குத் 'தட்டையான ஓடு' என்று பொருள் கொள்வது பொதுவழக்கு. இது பிழையன்று, எனினும் போதுமானதன்று. தட்டையானவை அனைத்தும் தட்டோடு எனப்படுவதில்லை. ஓடு எனப்படுபவை அனைத்தும் தரைக்கு உரியனவுமல்ல.

இச்சொல்லாய்வின் தேவை அகழாய்வு அறிக்கைகளைத் தமிழாக்கும்போது தெளிவாகிறது. ஆங்கிலத்தில் 'டைல்' என்னும் ஒரே சொல் கூரைக்கும் தரைக்கும் சுவருக்கும் பொதுவாக வழங்குகிறது. அதனைத் தமிழில் 'ஓடு' என்று மட்டும் பெயர்க்கும்போது படிப்பவர் மனத்தில் கூரையே தோன்றுகிறது. தரையில் பதிக்கப்பட்ட பொருளின் சிதைவு கூரையின் சிதைவாகக் கொள்ளப்படுமானால், அக்கட்டடத்தின் கூரை ஓலையால் ஆனதா ஓட்டால் ஆனதா என்ற முடிவே மாறிவிடும். ஆகவே, சொல்லின் எல்லையை வரையறுப்பது கட்டட வரலாற்றின் எல்லையை வரையறுப்பதும் ஆகும்.

'ஓடு' என்னும் சொல்லின் பொருட்பரப்பு

ஆமையோடு, நண்டோடு, முட்டையோடு, மண்டையோடு, திருவோடு, கூரையோடு என இச்சொல் பல பொருள்களுக்கு வழங்குகிறது. உடைந்த மட்கலத்தின் துண்டும் ஓடு எனப்படும். இவற்றுள் உயிரினத்தின் உறுப்பும் உண்டு. மனிதன் செய்த பொருளும் உண்டு. ஆகவே செய்பொருள் எது என்பது இச்சொல்லின் அடிப்படை அன்று. வன்மை, உள்வளைவு, ஒன்றை மூடிக் காத்தல் ஆகிய மூன்று பண்புகளே இவற்றை இணைக்கின்றன. உடைந்த கலத்துண்டு இக்காலத்தில் எதனையும் மூடுவதில்லை எனினும், வளைவையும் வன்மையையும் இழப்பதில்லை.

இப்பொருட்பரப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் 'பெங்கு' என்னும் சொல் கொட்டை, முட்டை ஆகியவற்றின் ஓட்டையும், கலத்துண்டையும், கூரையோட்டையும் ஒருங்கே குறிக்கிறது. கன்னடத்தில் 'ஹஞ்சு' என்பது கூரையோட்டையும் அடை சுடும் ஓட்டையும் குறிக்கும். மலையாளத்தில் தமிழின் 'ஓடு' என்னும் சொல்லே கூரையோட்டுக்கு வழங்குகிறது. சொற்கள் வேறாயினும், கலத்துண்டும் கூரையோடும் ஒரே பெயர் பெறுவது தென்னக மொழிகளின் பொதுக்கூறாகக் காணப்படுகிறது. திராவிட மொழிகளுக்கு அப்பாலும் இதற்கு இணை உண்டு. இலத்தீனில் 'டெஸ்டா' என்னும் சொல் சுட்ட மண்கலம், கலத்துண்டு, ஓடு, சிப்பி ஆகியவற்றைக் குறித்துப் பின்னர் மண்டையோட்டையும் குறித்தது. பிரெஞ்சு மொழியில் தலையைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல் அதிலிருந்தே தோன்றியது. தொடர்பில்லாத இரு மொழிகளில் ஒரே பொருள்வளர்ச்சி நிகழ்ந்திருப்பது, அதன் அடிப்படை பொருளின் வடிவிலேயே உள்ளது என்பதைக் காட்டுகிறது.

கூரைக்குரிய நாட்டு ஓடு இவ்வளைவுப் பண்பை முழுமையாக உடையது. குயவர் சக்கரத்தில் நீண்ட குழல் ஒன்றை வனைந்து, ஈரம் முற்றும் உலருமுன் அதனை நெடுக்கில் இரண்டாகப் பிளந்து சூளையிலிட்டுச் சுடுவர். குழலின் ஒரு முனை மற்றதைவிடச் சற்று அகன்றிருப்பதால் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இம்முறையில் உருவான ஓடு உண்மையில் பிளக்கப்பட்ட ஒரு கலமே. கலத்துண்டுக்கும் கூரைக்கும் ஒரே பெயர் அமைந்ததில் வியப்பில்லை.

'ஓட்டு வீடு' என்னும் தொடரும் இங்கு நோக்கத்தக்கது. இத்தொடர் ஓடு வேய்ந்த கூரையுடைய வீட்டை மட்டுமே குறிக்கும். தரையில் ஓடு பதித்த வீட்டை எஞ்ஞான்றும் குறிப்பதில்லை. கூரை வீடு, ஓட்டு வீடு, மாடி வீடு என்னும் பாகுபாடு குடும்பத்தின் பொருள்நிலையைக் காட்டும் சமூக அளவுகோலாகவும் வழங்கிவந்துள்ளது. எனவே அடைமொழியின்றி வரும் 'ஓடு', கட்டடச் சூழலில், தலைக்கு மேல் உள்ள வளைந்த ஓடேயாகும். தரையோட்டைக் குறிக்க ஓர் அடைமொழி இன்றியமையாததாகிறது.

'தட்டு': பெயரா, வினையா?

தட்டு என்னும் சொல் பெயராக நின்று தட்டையான கலத்தையும் பரப்பையும் குறிக்கும். வினைப்பகுதியாக நின்று அடித்தல், கொட்டுதல் என்னும் பொருள் தரும். முன்னதைக் கொண்டால் தட்டோடு என்பது தட்டுப் போன்ற ஓடு எனப் பொருள்படும். பின்னதைக் கொண்டால் தட்டிய ஓடு என வினைத்தொகையாகும்.

புணர்ச்சி இலக்கணம் இவ்வையத்தைத் தீர்ப்பதில்லை. 'தட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம். வருமொழி வல்லெழுத்தில் தொடங்குமாயின், பெயர்த்தொகையில் வலி மிகும். 'தட்டுக்கடை' என்பது அவ்வாறு அமைந்தது. வினைத்தொகையில் வலி மிகாது. ஆயின் 'ஓடு' உயிரெழுத்தில் தொடங்குவதால் இரு நிலையிலும் உகரம் கெட்டுத் 'தட்டோடு' என்னும் ஒரே வடிவமே தோன்றுகிறது. எனவே வடிவத்தை விடுத்துத் தொழில்வழக்கை நாடவேண்டியுள்ளது.

மண்தொழிலில் ஒவ்வொரு செய்முறைக்கும் தனி வினைச்சொல் உண்டு. சக்கரத்தில் கலம் உருவாக்குவது 'வனைதல்' எனப்படும். அச்சிலிட்டுச் செங்கல் உருவாக்குவது 'அறுத்தல்' எனப்படும். 'செங்கல் அறுத்தல்' என்பது இன்றும் காளவாய்களில் வழங்கும் தொடர். வனைந்த கலத்தின் அடியை மூடவும் சுவரை மெலிதாக்கவும் உள்ளே கல்லைத் தாங்கலாக வைத்து வெளியே மரப்பலகையால் அடிப்பது 'தட்டுதல்' எனப்படும். ஆகவே தட்டுதல் என்பது பொதுவினை மட்டுமன்று. மண்ணைக் கையாள்வோரின் தொழில்வினையுமாகும்.

கையால் செய்யும் தட்டையான ஓட்டின் செய்முறையில் இவ்வினை இன்றியமையாதது. ஊறவைத்து மிதித்துப் பதப்படுத்திய களிமண்ணை மணல் அல்லது சாம்பல் தூவிய இடத்தில் அச்சிலிட்டுப் பரப்புவர். நிழலில் அரைகுறையாக உலர்ந்த நிலையில் அது மேற்பக்கம் சுருங்கி விளிம்பு மேலெழும். அப்போது மரப்பலகையால் தட்டி நிமிர்த்துவர். இதனால் பரப்பு சமனாவதோடு மண்ணும் இறுகும். தட்டாமல் விட்ட ஓடு சூளையில் மேலும் வளைந்து, தரையில் பதிக்கத் தகுதியற்றதாகும். எனவே, கைத்தொழில் முறையில் தட்டைத்தன்மை என்பது தட்டுதலின் விளைவே ஆகும்.

பிற சொற்களும் இதற்கு அரண் செய்கின்றன. 'தட்டை' என்னும் தின்பண்டம் மாவை உருட்டி விரல்களால் தட்டிச் செய்யப்படுவது; அதன் வடிவமும் தட்டையே. சாணத்தை உருட்டிச் சுவரில் அடித்து வறட்டி செய்வதும் 'வறட்டி தட்டுதல்' எனப்படும். பொன்னைத் தகடாக அடிப்பவர் 'தட்டார்'. இவை அனைத்திலும் உருண்டையான ஒன்று அடிபட்டுப் பரப்பாகிறது. அடித்தலும் தட்டையாதலும் மொழியுணர்வில் இரு வேறு பொருள்களாக அன்றி, ஒரு செயலின் தொடக்கமும் முடிவுமாகவே அமைந்துள்ளன. தட்டோட்டின் முன்னுறுப்பைப் பெயர் என்றோ வினை என்றோ ஒருதலையாகத் துணிவதைவிட, வினையில் தொடங்கி வடிவத்தில் நிலைபெற்றது எனக் கொள்வதே சான்றுகளோடு பொருந்துகிறது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். இன்று இயந்திரத்தில் அழுத்திச் செய்யப்படும் ஓடும் தட்டோடு எனப்படுகிறது. அதில் தட்டுதல் இல்லை. இம்மறுப்பு இன்றைய பொருளுக்குப் பொருந்தும். சொல்லின் தோற்றத்திற்குப் பொருந்தாது. செய்முறை மாறியபின்னும் பெயர் நிலைத்தமையால், சொல்லில் செய்முறைப்பொருள் மங்கி வடிவப்பொருள் மேலோங்கியது. அகராதிப் பொருள் வடிவத்தை மட்டும் சுட்டுவதற்கு இதுவே காரணமாகலாம்.

வேய்தலும் பாவுதலும்

கூரைக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பெயர்ச்சொல்லால் மட்டுமன்றி வினைச்சொல்லாலும் காக்கிறது. ஓலை, புல், ஓடு ஆகிய மூன்றும் 'வேயப்படும்'. கல், செங்கல், தட்டோடு ஆகியவை 'பாவப்படும்' அல்லது 'பதிக்கப்படும்'. பாவுதல் என்பது பரப்புதல். நெசவில் நீளவாக்கில் பரப்பிய நூலும் 'பாவு' எனப்படும். இவ்வாறு பாவிய பரப்பு 'தளவரிசை' என வழங்கும். தட்டோடு என்னும் சொல்லில் இடப்பொருள் இல்லை. அவ்விடப்பொருளை உடன்வரும் வினையே தருகிறது.

மலையாளம் இங்கு வேறு வழியை மேற்கொண்டுள்ளது. கேரளத்தில் தரையில் பதிக்கும் களிமண் ஓடு 'தறயோடு' எனப்படுகிறது. அங்கு அடைமொழி இடத்தைக் குறிக்கிறது. தமிழில் அடைமொழி உருவத்தையும் உருவாக்கத்தையும் குறிக்கிறது. ஒரே பொருளுக்கு, ஒரே அடிச்சொல்லைக் கொண்டு, இரு மொழிகள் இரு நோக்கில் பெயரிட்டுள்ளன. மலையாளப் பெயர் பயன்படுத்துவோரின் நோக்கிலும், தமிழ்ப்பெயர் செய்வோரின் நோக்கிலும் அமைந்தவை எனலாம்.

ஓடு காலடிக்கு வந்த வழி

மூடிக் காப்பதே ஓட்டின் இயல்பு எனில், மிதிக்கப்படும் பொருள் ஓடு எனப்பட்டது எவ்வாறு? இதற்கு விடை மேல்தளக் கட்டட மரபில் உள்ளது. 'மதராஸ் தளம்' எனப்படும் கட்டுமுறையில் மர உத்தரங்களின்மேல் அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் இணைப்பர். அதன்மேல் செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டு நெடுநேரம் இடித்து இறுக்குவர். அனைத்துக்கும் மேலாகத் தட்டையான ஓடுகளைக் காரையில் பதிப்பர். மழைநீர் உட்புகாமல் காப்பது இவ்வோட்டு வரிசையே.

இவ்வரிசை கீழிருப்போர்க்குக் கூரை. மேலே நடப்போர்க்குத் தரை. வற்றல் காயவைக்கவும் கோடையில் உறங்கவும் பயன்படும் மொட்டைமாடியில் ஒரே பொருள் இரு பணிகளையும் செய்கிறது. வளைந்த நாட்டு ஓட்டின்மேல் நடக்க இயலாது. தட்டோட்டின்மேல் நடக்க இயலும். கூரையின் காக்கும் பணியால் 'ஓடு' என்னும் பெயரையும், நடப்பதற்கு உரிய பரப்பால் 'தட்டு' என்னும் அடையையும் இது பெற்றது எனக் கொள்ளலாம். மேல்தளத்தில் பழகிய பொருள் முற்றத்திற்கும் கூடத்திற்கும் சென்றபோது பெயரும் உடன்சென்றது எனக் கருத இடமுண்டு. 'தளம்' என்னும் சொல்லே தரை, மாடி, மேற்பரப்பு என்னும் பொருள்களை ஒருங்கே தருவது இக்கருத்துக்குத் துணைநிற்கிறது.

ஐரோப்பிய மொழிகளிலும் இதற்கு நிகரான நகர்வு உண்டு. இலத்தீனின் 'டெகுலா' மூடுதல் என்னும் வினையடியாகப் பிறந்து கூரையோட்டைக் குறித்தது. அதன் வழிவந்த ஆங்கிலச் சொல்லாகிய 'டைல்' இன்று தரைக்கும் சுவருக்கும் வழங்குகிறது.

சுடுமண், இட்டிகை, கல்

பழந்தமிழில் சுட்ட மண்ணால் ஆன கட்டடப்பொருளுக்குச் 'சுடுமண்', 'இட்டிகை' என்னும் இரு சொற்கள் காணப்படுகின்றன. இட்டிகை வடமொழி 'இஷ்டகா' என்பதன் பிராகிருத வடிவத்தோடு தொடர்புடையது. அகநானூற்றில் செங்கல் சுவரைக் குறிக்க இது ஆளப்பட்டுள்ளது. முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டு வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி அக்குடைவரை எடுக்கப்பட்டதாகக் கூறுமிடத்தும் இச்சொல்லின் வடமொழி வடிவமே வருகிறது.

சுடுமண் வினைத்தொகை. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சி நகரின் உயர்ந்த கட்டடங்களைக் கூறுமிடத்து இது செங்கல்லைக் குறிக்கிறது. மணிமேகலையில் குற்றமுற்ற நாடகமகளிர்மீது சுமத்தப்படும் சுடுமண்ணும் செங்கல்லே. சிலப்பதிகாரத்தில் மதுரையின் செல்வ மனைகளைக் கூறும் இடத்தில் இதே சொல்லுக்கு உரை மரபில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, ஓடு ஏறாது பொற்றகடு வேய்ந்த மனை என்பது. மற்றொன்று, செங்கல் சுமக்கும் இழிவு நேராத மகளிர் என்பது. முதற்பொருளில் சுடுமண் கூரையோடு. இரண்டாம் பொருளில் அது செங்கல். ஒரு சொல்லின் பொருள் மாறும்போது, ஒரு தொடர் கட்டடச் செய்தியாகவோ தண்டனை வழக்கின் செய்தியாகவோ மாறுகிறது. சுடுமண் என்பது செய்பொருளையும் செய்முறையையும் மட்டுமே கூறி, வடிவத்தையும் இடத்தையும் கூறாமையே இவ்வையத்திற்குக் காரணம். ஓடு, கல் என்னும் சொற்கள் கட்டடத் துறையில் நிலைபெற்றதன் பயன் இவ்விடத்தில் விளங்குகிறது.

'கல்' என்னும் சொல்லும் இயற்கைக் கல்லோடு நிற்கவில்லை. செங்கல், அச்சுக்கல் ஆகியவை சுட்ட மண். செட்டிநாட்டின் ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் கலவையும் மணலும் சிமென்டும் இட்டு, சூளையின்றி நீரில் பதப்படுத்திச் செய்யப்படும் தரைப்பதிப்பு 'ஆத்தங்குடிக் கல்' என்றே பேச்சில் வழங்குகிறது. கையால் செய்யப்படுவதாலும் தரையில் பதிக்கப்படுவதாலும் இதனைக் களிமண் ஓட்டின் வகையாகக் கருதும் போக்கு உண்டு, அது பொருந்தாது. சுடப்படாமையால் அது சுடுமண் அன்று; மூடும் பணி இன்மையால் ஓடும் அன்று. பேச்சுவழக்கு அதனைக் 'கல்' என்று வழங்குவது நுட்பமான வகைப்பாடே ஆகும்.

தொழிற்சாலை ஓடும் பெயர் மாற்றமும்

பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். அதன் வழியாகப் பரவிய, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இயந்திர ஓடு தமிழகத்தில் 'மங்களூர் ஓடு', 'சீமை ஓடு' எனப் பெயர்பெற்றது. அதனோடு ஒப்பிட்டே உள்ளூர் ஓடு 'நாட்டு ஓடு' எனச் சுட்டப்பட்டது. இங்குப் பெயரிடும் அடிப்படை செய்முறையிலிருந்து தோற்ற இடத்திற்கு மாறியது. மங்களூர் ஓடு நாட்டு ஓட்டைவிடத் தட்டையானது. எனினும் தட்டோடு என்னும் பெயரைப் பெறவில்லை. அதன் பள்ளங்களும் பூட்டு விளிம்புகளும் இதற்கு ஒரு காரணமாகலாம். எவ்வாறாயினும், தட்டைத்தன்மை மட்டுமே ஓர் ஓட்டைத் தட்டோடு ஆக்குவதில்லை என்பது இதனால் புலனாகிறது.

இருபதாம் நூற்றாண்டில் சிமென்டும் மொசைக்கும் பின்னர்ப் பீங்கான் பதிப்புகளும் பரவியபோது, தட்டோடு வீட்டின் உட்தரையிலிருந்து விலகி மேல்தளத்தில் பெரிதும் எஞ்சியது. 'டைல்ஸ்' என்னும் கடன்சொல் உட்தரைக்கு உரியதாயிற்று. எனவே இக்காலத்தில் தட்டோடு எனக் கேட்பவர் மாடியின் வெயில்காப்பு வரிசையையே எண்ணுகின்றனர்.

அகழாய்வுத் தமிழுக்கு ஒரு வரையறை

கீழடி அகழாய்வில் கிடைத்த கூரையோடுகள் இவ்வாய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் மேற்பகுதியில் துளைகளும், பரப்பில் நீர் வடிவதற்காக விரலால் இழுக்கப்பட்ட பள்ளங்களும் உள்ளன. துளைகள் கயிற்றால் மரச்சட்டத்தோடு பிணைப்பதற்கு உரியவை. இத்தகைய அடையாளங்கள் இருக்குமிடத்து 'கூரையோடு' என்னும் பெயர் ஐயமற்றது. துளையும் பள்ளமும் வளைவும் அற்ற, ஒரு முகம் மட்டும் தேய்ந்த, மறுமுகத்தில் காரை ஒட்டிய துண்டு தளவரிசையைச் சேர்ந்ததாகக் கருதத்தக்கது. தொல்பழங்காலச் செங்கற்கள் இன்றையவற்றைவிட அகன்றும் கனம் குறைந்தும் இருந்தமையால், உடைந்த செங்கல்லும் தரையோடாகத் தோன்றக்கூடும்; கனமும் விளிம்பும் கொண்டே இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

ஆகவே, வேயப்பட்டது உறுதியெனின் 'கூரையோடு' எனவும், பாவப்பட்டது உறுதியெனின் 'தட்டோடு' அல்லது 'தரையோடு' எனவும், இடம் துணியப்படாதவற்றைச் 'சுடுமண் பலகைத் துண்டு' எனவும் குறிப்பது பொருந்தும். மூன்றாவது பெயர் வடிவத்தையும் செய்பொருளையும் மட்டும் கூறி, இடத்தைப் பற்றி முன்முடிவு எதையும் ஏற்றுவதில்லை.

முடிவுரை

தட்டோடு என்பது தட்டிச் செய்யப்பட்டதால் தட்டையான ஓடு. அதன் முன்னுறுப்பில் வினையும் வடிவமும் இணைந்துள்ளன. கைத்தொழில் மறைந்தபோது வினைப்பொருள் மங்கியது. அதன் பின்னுறுப்பாகிய ஓடு, வளைந்து மூடும் பொருளைக் குறித்த சொல். மேல்தளம் கூரையாகவும் தரையாகவும் அமைந்த கட்டட மரபின் வழியாக அது காலடிக்கு வந்தது. மலையாளத்தின் 'தறயோடு' இடத்தால் பெயர்பெற, தமிழின் 'தட்டோடு' தொழிலால் பெயர்பெற்றது. சூளைகளும் காளவாய்களும் குறைந்துவரும் நிலையில், வனைதல், அறுத்தல், தட்டுதல் என்னும் வினைகளை அவற்றின் தொழிற்பொருளோடு வட்டாரந்தோறும் தொகுப்பது உடனடித் தேவையாகும். பொருள்களின் பெயர்கள் அகராதிகளில் எஞ்சலாம்; அவற்றைச் செய்த கைகளின் வினைகள், அத்தொழிலில் உள்ளோரிடமிருந்து இப்போதே பதிவுசெய்யப்பட்டாலன்றி, எஞ்சுவது அரிது.